கயிறு தளரும்போது கற்கும் குதிரை

ஆத்தூர்ச் சமவெளிக்குக் கிழக்கே சிறுமலை, மேற்கே கீழ்ப்பழனி மலை. இரண்டு மலையிலும் குதிரை இன்னும் உழைத்துச் சாப்பிடும் பிராணி. சிறுமலைத் தோட்டங்களில் வண்டி ஏறாத ஒற்றையடிப் பாதைகளில் வாழைத்தாரையும் எலுமிச்சை மூட்டையையும் மட்டக்குதிரைகள் சுமந்து வருகின்றன. மாட்டுப் பொங்கல் சமயத்தில் மாட்டுக்குச் செய்யும் மரியாதையை அங்கே குதிரைக்கும் செய்கிறார்கள். கொடைக்கானலுக்குக் கீழே சரிவில் இருக்கும் வெள்ளகவிக்கு அரிசி பருப்பெல்லாம் நெடுங்காலம் குதிரை முதுகில்தான் போய்ச் சேர்ந்தது. பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் சவாரிக் குதிரை. ஆகவே திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் குதிரை சினிமாவில் மட்டும் பார்க்கிற மிருகம் இல்லை.

ஆனால் குதிரையை எப்படிப் பழக்குவது என்று கேட்டால், கடிவாளத்தை இறுக்கிப் பிடி, சவுக்கு கையில் இருக்கட்டும், பயம் இருந்தால்தான் சொன்னபடி கேட்கும் என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. இது தவறு. தவறு என்பதோடு, ஆளுக்கும் குதிரைக்கும் ஆபத்து. எப்படிப் பழக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன். குதிரை வைத்திருப்பவருக்கும், வாங்க நினைப்பவருக்கும், ஏரிக்கரையில் ஒரு சுற்று ஏறிப் பார்க்க ஆசைப்படுபவருக்கும் இது உதவும்.

முதலில் குதிரையின் இயல்பு. அது புல் தின்னி. புலியும் ஓநாயும் துரத்த, ஓடித் தப்பித்தே பிழைத்த இனம். அதன் உடலமைப்பு முழுவதும் அந்த ஓட்டத்துக்காகவே அமைந்தது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். இரண்டு இடங்கள்தான் தெரியாது: நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருகிறவரை அது உதைப்பது கெட்ட குணத்தால் அல்ல. வந்தது யார் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். குதிரையிடம் போகும்போது தோளுக்கு நேராக, பேசிக்கொண்டே போக வேண்டும். முதலில் தொட வேண்டியது கழுத்தையும் தோளையும்தான். எடுத்த எடுப்பில் முகத்துக்கு நேரே கையை நீட்டக் கூடாது.

தோலும் அப்படித்தான். ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டிவிடும். இவ்வளவு நுட்பமாக உணரும் உடம்புக்கு ஓங்கி ஓர் அடி தேவையே இல்லை. மனிதனைக் கவனிப்பதிலும் அதே நுட்பம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரும் பேச்சாக இருந்தது. கேள்வி கேட்டால் விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்து 1907இல் அறிக்கை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலையிலும் முகத்திலும் அவரே அறியாமல் ஏற்படும் சிறு அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸை ஏமாற்றுக்காரன் என்று பலர் சொன்னார்கள். என் பார்வையில் கணக்கைவிட அரிய திறமை அது. உங்கள் மூச்சு, தோள், கையின் இறுக்கம் எல்லாவற்றையும் குதிரை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பயந்தால் அதற்குத் தெரியும், எரிச்சலில் இருந்தாலும் தெரியும். 2,300 ஆண்டுகளுக்கும் முன்னால் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனோஃபோன், கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்பதைத் தலையாய விதியாக வைத்தார்.

இனி எல்லாப் பயிற்சிக்கும் ஆதாரமான விஷயம். கயிற்றை இழுக்கிறீர்கள், குதிரைக்கு அது ஓர் அசௌகரியம். அதிலிருந்து விடுபட ஏதாவது செய்து பார்க்கும்: தலையைத் தூக்கும், பின்னால் போகும், பக்கவாட்டில் சாயும், கடைசியில் ஓர் அடி முன்னே வைக்கும். அந்த அடியை வைத்த அதே நொடியில் கயிறு தளர்ந்தால், இதுதான் வழி என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். தளரவில்லை என்றால் முன்னே வந்தும் பயனில்லை என்று பதியும். அழுத்தம் கேள்வி கேட்கிறது. சரியான விடை எது என்று சொல்வது அழுத்தம் விலகும் கணம்தான். நன்றாகப் பழக்குபவருக்கும் மோசமாகப் பழக்குபவருக்கும் கையின் பலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. எந்த நொடியில் விடுகிறார் என்பதில்தான் இருக்கிறது. ஒரு நொடி தாமதித்தால் குதிரை அதற்குள் வேறொன்றைச் செய்திருக்கும். நீங்கள் விட்டது அதற்காக என்று எடுத்துக்கொள்ளும்.

முரட்டுக் குதிரை, வாய் செத்த குதிரை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் உருவாகின்றன. சொன்னதைச் செய்த பிறகும் இழுத்த கயிறு இழுத்தபடியே இருந்தால், கயிற்றுக்கு அர்த்தம் இல்லை என்று அது முடிவு செய்துகொள்ளும். பிறகு இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கும். அதுவும் மரத்துப்போனால் முள் வைத்த கடிவாளத்தைத் தேடுவார்கள். முள் வைத்த கடிவாளம் இந்தியாவில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்காக 1965இல் வந்த விதிகளில் அது தெளிவாக இருக்கிறது.

பயிற்சி தரையில் தொடங்க வேண்டும். முதுகில் ஏறுவது வெகு தூரம் தள்ளி. வாயில் இரும்பு வேண்டாம், தலைக்கயிறு போதும். குதிரையின் இடப் பக்கம் தோளுக்கு அருகில் நின்று, முன்னே பார்த்தபடி நடக்கத் தொடங்குங்கள். திரும்பி அதன் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு இழுத்தால் வராது. உங்கள் உடம்பு முன்னே சாய்ந்து நகர்ந்ததும் அதுவும் நகர வேண்டும். நகரவில்லை என்றால் கயிற்றில் மெல்லிய இழுப்பு, நகர்ந்ததும் தளர்வு. நிற்க வேண்டும் என்றால் நீங்கள் நில்லுங்கள், மூச்சை விடுங்கள், ஒரே சொல்லை ஒரே குரலில் சொல்லுங்கள். எந்தச் சொல் என்பது உங்கள் விருப்பம். தினம் ஒரு சொல்லாக மாற்றக் கூடாது, வீட்டில் ஆளுக்கொரு சொல்லும் கூடாது.

நடக்கவும் நிற்கவும் வந்தபின் பின்னே போகப் பழக்குங்கள். நெஞ்சில் விரல் நுனியை வைத்து லேசாக அழுத்தினால் உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கும். அந்தச் சாய்வுக்கே விரலை எடுத்துவிடுங்கள். முழு அடி எடுத்து வைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை அடி தானாக வரும். அதன்பின் விலாவுக்குப் பின்னால் லேசாகத் தொட்டு, பின்னங்கால்கள் ஒன்றையொன்று கடந்து பக்கவாட்டில் நகரச் செய்யுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது சின்ன வித்தை. ஆனால் நாளை முதுகில் நீங்கள் இருக்கும்போது அது மிரண்டு பாயப் பார்த்தால் காப்பாற்றப்போவது இதுதான். ஓட்டத்துக்கான விசை பின்னங்கால்களில் இருக்கிறது. அவை பக்கவாட்டில் குறுக்கே வந்துவிட்டால் பாய்ச்சலுக்கு உந்துதல் கிடைக்காது.

மலைப் பாதையில் பொதிக்குதிரை பழகுவதும் இந்த வழியில்தான். வாயில் இரும்பில்லாமல், தலைக்கயிறும் குரலும் முன்னே போகும் மூத்த குதிரையின் தடமும் இருந்தாலே போதும். கல்லும் வேரும் கிடக்கும் பாதையில் காலை எங்கே வைப்பது என்று அதுவே பார்த்துக்கொள்கிறது. தலையைத் தாழ்த்தித் தரையைப் பார்க்க அதை விட்டால்தான் இது நடக்கும். கழுத்தைத் தூக்கிக் கட்டிவிட்ட குதிரைக்குத் தன் காலடி தெரியாது.

அடுத்தது நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றவிடுவது. ஆறேழு மீட்டர் கயிறு, நடுவில் நீங்கள். வட்டம் சின்னதாக இருந்தால் கால் மூட்டுகள் வலிக்கும். ஒரு பக்கம் கொஞ்ச நேரம், மறு பக்கம் அதே அளவு. நமக்கு வலக்கை, இடக்கை போலக் குதிரைக்கும் ஒரு பக்கம் எளிதாக வரும். கடினமான பக்கத்தில் பொறுமை வேண்டும். இதற்கான இடம் மெத்தென்ற மண்ணாக இருக்கட்டும். நம் பக்கத்து அறுவடை முடிந்த வயலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் குதிரையை இறக்காதீர்கள். தார்ச்சாலை பயிற்சிக்கு ஆகாது.

சேணம் வைக்கும் முன் வயதைப் பாருங்கள். மூன்று வயதுக்கு முன் முதுகில் ஆள் ஏறக் கூடாது. நான்கு வரை பொறுத்தால் இன்னும் நல்லது. முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எடையையும் பாருங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 50 கிலோ. அப்படியானால் கொடைக்கானலில் நன்றாக வளர்ந்த ஆண்கள் சின்ன மட்டக்குதிரையில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வது சரியா? சரியில்லை. பிள்ளைகளை ஏற்றுங்கள். பெரியவர்கள் பெரிய குதிரையைக் கேளுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் நடந்து போங்கள். பொதிக்கும் வரம்பு உண்டு. 1965 விதிகள் மட்டக்குதிரைக்கு 70 கிலோவும் கோவேறு கழுதைக்கு 200 கிலோவும் உச்ச வரம்பாக வைக்கின்றன.

சேணத்தை முதல் நாளே கட்டிவிடாமல், மோப்பம் பிடிக்க விடுங்கள். முதுகில் ஒரு துணியை வைத்து எடுங்கள், பிறகு சேணத்தை வைத்து எடுங்கள். முதுகெலும்புக்கு மேலே சேணம் படாமல் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும், பாரம் இரு பக்கத் தசைகளில் உட்கார வேண்டும். வயிற்றுப் பட்டியை ஒரே இழுப்பில் இறுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கட்டும்போது பல குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பவைக்கும். நாலடி நடக்கவிட்டு மறுபடி சரிபார்க்காமல் ஏறினால் சேணம் புரண்டு நீங்கள் வயிற்றுக்கு அடியில் தொங்குவீர்கள்.

ஏறுவதற்கு ஒரு திட்டோ முக்காலியோ நல்லது. தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் முதுகு ஒரு பக்கமாக இழுபடும். உட்கார்ந்தபின் உங்கள் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே நேர்க்கோட்டில் தெரிய வேண்டும். குதிகால் சற்றுக் கீழே இறங்கியிருக்கட்டும். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்க வேண்டும். முழுக் காலையும் நுழைத்துவிட்டால் விழும்போது மாட்டிக்கொண்டு இழுபடுவீர்கள். அதனால்தான் குதிகால் உள்ள செருப்போ பூட்ஸோ வேண்டும் என்கிறோம். தலைக்கவசத்துக்கு விலக்கே கிடையாது. நடக்கிற குதிரையிலிருந்து விழுந்தாலும் தலை தரையில் மோதும் உயரம் குறைவானதல்ல.

சவாரியில் குதிரையோடு பேச நான்கு வழிகள்: உட்காரும் விதம், கால், கை, குரல். இந்த வரிசையில்தான் பயன்படுத்த வேண்டும். கற்றுக்கொள்கிறவர்கள் தலைகீழாகக் கையிலிருந்து தொடங்குவார்கள். நடக்கச் சொல்ல, இரு கெண்டைக்கால்களாலும் விலாவை லேசாக அணையுங்கள். நடந்ததும் கால் சும்மா இருக்கட்டும். ஒவ்வோர் அடிக்கும் உதைத்துக்கொண்டே போனால் குதிரைக்கு அது வெறும் இரைச்சலாகிவிடும். நிறுத்த, முதுகை நிமிர்த்தி இடுப்பின் ஆட்டத்தை நிறுத்துங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால்தான் விரல்களை மூடிக் கடிவாள வாரைப் பிடிக்க வேண்டும், நின்றதும் விரல் திறக்க வேண்டும். திரும்ப வேண்டிய பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். தோளும் இடுப்பும் தாமே திரும்பும், குதிரை அதைப் படித்துவிடும். கை அதற்கு மேல் சொல்ல வேண்டியது மிகக் குறைவு. பின்னே போக வைப்பது கடைசிப் பாடம். வாரை இழுத்து வாயைப் பிளக்கச் செய்து பின்னே தள்ளுகிறவரைப் பார்த்தால், தரைப் பயிற்சியைத் தாண்டிக் குதித்து வந்தவர் என்று புரிந்துகொள்ளலாம்.

குதிரையின் நடைகளைப் புரிந்துகொண்டால் உட்காருவது எளிதாகும். சாதாரண நடையில் நான்கு தட்டு கேட்கும். ஒரு பக்கப் பின்னங்கால், அதே பக்க முன்னங்கால், பிறகு மறுபக்கம் அதேபோல. மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். அடுத்தது ட்ராட், இரண்டு தட்டு. குறுக்கே எதிரெதிரான முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்து விழும், நடுவில் உடம்பு முழுதும் அந்தரத்தில் எழும். இதில்தான் புதியவர்கள் தூக்கிப் போடப்படுகிறார்கள். ஒரு தட்டுக்கு எழுந்து மறு தட்டுக்கு அமர்ந்தால் இருவர் முதுகும் பிழைக்கும். அதற்கு மேல் கேண்டர், மூன்று தட்டு. இடப்பக்க வட்டத்தில் போகிறீர்கள் என்றால் உங்கள் வலக்காலைக் கொஞ்சம் பின்னே வைத்து அணையுங்கள். குதிரை வலது பின்னங்காலில் தொடங்கி, இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து விழ, கடைசியில் இடது முன்னங்காலை நீட்டும். வட்டத்தின் உட்பக்கத்து முன்னங்கால் முன்னே நீண்டால் சமநிலை இருக்கும், மாறினால் தடுமாறும். எல்லாவற்றிலும் வேகமானது கேலப். அந்த வேகத்தில் நான்கு காலும் ஒரே சமயம் தரையை விடுகின்றனவா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 1878இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் அடுத்தடுத்துக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்து, விடுகின்றன என்று காட்டினார். கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது அது நடக்கிறது. முன்னும் பின்னும் கால்களை நீட்டிப் பறப்பதுபோல் ஓவியர்கள் வரைந்து வந்தது தவறு.

நடை சீராக வரும் முன் ட்ராட்டுக்கும், ட்ராட் வரும் முன் கேண்டருக்கும் போகாதீர்கள். இந்த எளிய அசைவுகளையே துல்லியத்தின் எல்லைவரை கொண்டுபோனால் அதுதான் டிரெஸ்ஸாஜ் என்ற விளையாட்டு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி அதில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம். அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் செய்து காட்டியது பாய்ச்சலோ தாண்டலோ அல்ல. சொன்ன இடத்தில் சொன்ன நடை, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத சைகையில்.

நம் மண்ணின் பழைய கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பாண்டியர்கள் அரபிக் குதிரைக்காகக் கொட்டிய பொன்னுக்கு அளவில்லை. மாணிக்கவாசகர் அரசன் கொடுத்த பொருளோடு போனதும் குதிரை வாங்கத்தான்; நரி பரியான கதை மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். 13ஆம் நூற்றாண்டின் நிலையைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார்: கீஷ் தீவு வணிகரோடு செய்த உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 பொன் தினார். வந்திறங்கிய குதிரைகளைக் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிப்போட்டு, வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்து, பயிற்சியே இல்லாமல் ஏறி விரட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் மிடுக்கான குதிரையும் மந்தமாகிவிடுகிறது என்பது அவர் சாட்சி. வெளியாள் பார்வை, கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவும் இங்கே பராமரிப்பு தெரியாமல் குதிரைகள் சாகின்றன என்றே எழுதினார். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தீனியும் பயிற்சியும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

தீனி விஷயத்தில் அந்தத் தவறு இன்றும் தொடர்கிறது. குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லும் தட்டையும் மென்றுகொண்டிருப்பதற்கே அது படைக்கப்பட்டது. ஒரே வேளையில் கொள்ளைக் குவித்துக் கொடுத்தால் வயிற்றுவலி வந்து உருளும், உயிரும் போகலாம். கொள்ளு ஊறியதாக, அளவாக, பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காவது தினமும் பசுந்தீவனமும் உலர்ந்த புல்லுமாக இருக்கட்டும். வேர்வையில் உப்பு நிறையப் போகும் என்பதால் உப்புக்கட்டி ஒன்று கொட்டிலில் தொங்கட்டும். தண்ணீர் ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாது. நம் சித்திரை வெயிலில் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

அந்த வெயிலில் பயிற்சி விடியற்காலையோடு முடிய வேண்டும். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை சுமையோ வண்டியோ கூடாது என்று அதே 1965 விதிகள் சொல்கின்றன. நாளுக்கு மொத்தம் 9 மணி, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி என்பது வேலையின் எல்லை. இளங்குதிரைக்குப் பாடம் அரை மணிக்கு மேல் வேண்டாம். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், இன்னொரு முறை பார்ப்போமே என்ற ஆசைதான் பல நல்ல பாடங்களைக் கெடுக்கிறது. முடிந்ததும் மூச்சு சீராகும்வரை நடக்கவிட்டு, சேணம் இருந்த இடத்தை நீரால் கழுவி, குளம்பின் அடியில் கல் சிக்கியிருக்கிறதா என்று நோண்டிப் பாருங்கள். லாடம் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ரணஜன்னி குதிரையை மிக எளிதில் தாக்கும் நோய். தடுப்பூசி அதற்கும் வேண்டும், அதோடு பழகும் உங்களுக்கும் வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகலாம். காது நுனி உள்நோக்கி வளைந்த கத்தியவாரி, மார்வாரிக் குதிரைகள் அங்கே வரும். மேளத்துக்கு ஆடும் குதிரையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். விற்பவரைத் தலைக்கயிற்றில் குதிரையை நடத்திக் காட்டச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள், நான்கு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வாய் ஓரத்தில் புண் தழும்பு இருக்கிறதா, முதுகில் வெள்ளை மயிர்த் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டு பழைய சேணப் புண்ணின் அடையாளம். முதல் குதிரை என்றால் எட்டு வயதுக்கு மேல் நன்கு பழகியதாகப் பாருங்கள். புதிய ஆளும் பழகாத குட்டியும் சேர்ந்தால் இருவரும் பயந்துபோவார்கள். பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரை உடன் அழைத்துப்போவதற்கு ஆகும் செலவு, வாங்கும் விலையில் மிகச் சிறிய பங்குதான்.